வெறும் போசி

இந்தச் சீட்டுல பையை வெச்சுக்கலாமுங்களா அம்மிணி? ஆளு உக்காரக் கூடாதுன்னுதானே பெருக்கல் குறி போட்டிருக்காங்க, சோறு உக்காரக் கூடாதுன்னு போடலையே. கீழ வெச்சா இந்த வண்டி குலுக்கற குலுக்குல புளிச்சோறும் தயிர்ச்சோறும் ஒண்ணாப் போயிரும். நீங்க சன்னலோரமாவே இருங்க. நான் இந்தக் கடைசீல இருந்துக்கறேன். நடுவால போசிக இருக்கட்டும்.

தாராபுரமுங்களா? நானும் அங்கதானுங்க. நல்லதாப் போச்சு. ரெண்டு மாசமாப் பேச ஆளில்லாம வாயே ஒட்டிப் போச்சுங்க எனக்கு. ஊட்டுக்காரரு இருக்காரு, இருந்து என்ன பண்றது? அவருகிட்டப் பேசறதும் அம்மிக்கல்லுகிட்டப் பேசறதும் ஒண்ணு. அம்மிக்கல்லாவது அரைக்கறப்பச் சத்தம் போடும்.

அஞ்சு போசியிலயும் சோறுதானுங்க. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு, சக்கரைப் பொங்கல். அந்தக் கைப்புடி வெச்ச சின்னத் தூக்குப்போசி இருக்குது பாருங்க, அதுல தயிர்ச்சோறு. கட்டுச்சோறுங்க. ஏழாம் மாசம் புள்ளத்தாச்சிக்குப் பொறந்த ஊட்டுல இருந்து கட்டிக்கிட்டுப் போகோணுமுல்ல, அதுதான். ஒம்போதாம் மாசம் பண்ணலாம்னா, அதுக்குள்ள திரும்பப் பூட்டிப் போட்டாங்கன்னா என்ன பண்றது? பஸ்ஸு விட்டிருக்கறப்பவே முடிச்சுக்கலாம்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க.

மகளுக்கானு கேக்கறீங்க. மகளாட்டந்தான். மகளில்லீங்க. எனக்குக் கொழந்தையே இல்லீங்க அம்மிணி, கண்ணாலமாயி இருபத்தாறு வருசமாச்சு. எங்க சொந்தத்துல ஒரு கட்டுச்சோத்துக்கு, ஒரு வளையல் போடறதுக்கு என்னை முன்னால கூப்பிட்டதில்லை. கூப்புடுவாங்க, எலை போடறதுக்கு. சந்தனம் பூசற நேரமாப் பாத்து, "துளசிமணி, பாயசம் அடிப்புடிக்குதா பாரு"ம்பாங்க. புடிக்காது. இருந்தாலும் போயிப் பாப்பேன். அப்படி இருந்தவ நானு. இன்னிக்கு அம்மா ஊட்டுச் சோத்தை நான் கட்டிக்கிட்டுப் போறேன். என்னை நடு ஊட்டுல பாய் போட்டு உக்கார வெப்பாங்களாம். "நீங்கதான் மொதச் சந்தனம் பூசோணும்"னு சம்பந்தியம்மா போனுல சொன்னாங்க.

சந்தோசமா இருக்கான்னு மட்டும் கேட்டுப்போடாதீங்க.

புள்ளை பேரு வினோதினிங்க. எங்க எதுத்த ஊட்டு ஜெயக்கொடியோட மக. ஜெயக்கொடி இப்ப இல்லை. ஆடி மாசம் போயிட்டா. ஆமாங்க, அந்தச் சீக்குதான். ஏனுங்க, தள்ளி உக்காந்துக்கறீங்க? எனக்கு ஒண்ணும் இல்லீங்க. மூணு தடவை மூக்குல குச்சி உட்டுப் பாத்துட்டாங்க, என்ர ஊட்டுக்காரருக்கும் பாத்துட்டாங்க. ஒண்ணுமில்லை. வேணும்னா நானே இன்னும் சித்த நகந்துக்கறேன். உங்களைக் குத்தம் சொல்லலைங்க. பயம் யாரைத்தான் உட்டுச்சு?

அவளுக்குக் கடைசி வரைக்கும் சோறு போட்டது நாந்தானுங்க. பதினாலு நாளும், ஒரு வேளை தவறாம. அதனாலதான் அந்தப் புள்ளை, "எங்கம்மாளுக்கு யாரு சோறு போட்டாங்களோ அவுங்கதான் எனக்குக் கட்டுச்சோறு கொண்டாரோணும்"னு ஒத்தக் கால்ல நின்னுட்டா.

எங்களது லைன் ஊடுங்க. திருப்பூருல ஒரு காம்பவுண்டு, இந்தப் பக்கம் மூணு ஊடு, எதுத்தாப்பல மூணு ஊடு. நடுவால ஒரு பைப்பு, பக்கத்துல ஒரு தொவைக்கற கல்லு. நான் பனியன் கம்பெனியில செக்கிங். ஜெயக்கொடி இன்னொரு கம்பெனியில ஓவர்லாக் தைக்கறவ. தேனிப் பக்கத்துக்காரி. புருசன் எப்பவோ போயிட்டான். மகளைத் தையல் மெசினுலயே வளத்து, நல்ல எடத்துல கட்டிக் குடுத்துட்டு, ஒண்டியா இருந்தா. பதினோரு வருசம் எதுத்தெதுத்த ஊடு. என்னை யக்காம்பா, என்ர ஊட்டுக்காரரை மாமாம்பா. அவ மக என்னைப் பெரீம்மாம்பா.

இந்தத் தூக்குப்போசி என்னுதுங்க. மூடியில து.ஆ.னு கொத்தியிருக்கும் பாருங்க. துளசிமணி, ஆறுச்சாமி. ஆனா பதினோரு வருசத்துல பாதி நாளு அவ ஊட்டுலதான் கெடந்துச்சு. நான் கொழம்பு ஊத்திக் குடுப்பேன். அவ கழுவி, அதுக்குள்ள ஏதாச்சும் போட்டுத் திருப்பிக் குடுப்பா. குடுத்தனுப்புன போசியை வெறும் போசியாத் திருப்பக் கூடாதுங்களே. உங்க பக்கமும் அப்படித்தானே? வெறும் போசி வந்தா, "உன்ர சங்காத்தமே வேண்டாம்"னு அர்த்தம். அவ ஒருக்காக் கருவாடு போட்டனுப்புவா, ஒருக்கா ரெண்டு மொழம் பூவு. ஒண்ணுமே இல்லாத நாளு ஒரு கை சக்கரை. ஒருக்கா ஊட்டுல சக்கரையும் இல்லை போல, ஒரு வரமொளகாயைப் போட்டனுப்பிச்சுட்டா. சிரிச்சு மாளலை எனக்கு. அப்படி மானஸ்தி.

அப்புறம் இந்த ஊரடங்கு வந்துச்சு. தட்டைத் தட்டச் சொன்னாங்க, தட்டுனோம். வெளக்கேத்தச் சொன்னாங்க, ஏத்துனோம். ரெண்டு பேரும் வாசப்படியில உக்காந்து, அவ அங்க நான் இங்க, "இதோட போயிருமாக்கா?"ன்னா. "போகாம எங்க போகும், போயிரும்"னு நாஞ் சொன்னேன். பெரிய இவளாட்டம். மத்த நாலு ஊட்டுக்காரங்களும் லாரியில, சரக்கு வண்டியில தொத்திக்கிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. காம்பவுண்டுல நாங்க ரெண்டு ஊடுதான். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுனேன். வெங்காயத்தைக் கழுவுனேன். வாசல்ல வேப்பந்தழை கட்டுனேன். என்ர ஊட்டுக்காரருக்கு வீசிங்குங்க. சும்மாவே மழை நாளுல மூச்சு இழுக்கும். டிவியில வேற நெஞ்சுச்சளி, நெஞ்சுச்சளின்னே சொன்னாங்களா, அவரு ஒரு தடவை இருமினா எனக்கு உசுரு போயி உசுரு வரும். எல்லாமே அவருக்காகத்தான் பண்ணுனேன். இதை நீங்க மனசுல வெச்சுக்கோணும்.

வைகாசியில கம்பெனிகளைத் தொறந்தாங்க. பாதி ஆளுன்னாங்க. நான் போகலை, அவரை உட்டுப்போட்டு எப்படிப் போறது? ஜெயக்கொடி போனா. போகாம முடியாது அவளுக்கு. மாஸ்க்குத் தைக்கற வேலைதான். ஆனி கடைசீல அவ லைன்ல தைக்கற ஒரு புள்ளைக்கு வந்துருச்சு. அந்த லைன்ல இருந்த அத்தனை பேரையும், ஊட்டுக்குப் போயிப் பதினாலு நாளு வெளிய வராம இருங்கன்னுட்டாங்க. அன்னிக்குப் பொழுதோட, அந்தி சாயற நேரத்துல ரெண்டு பேரு வந்தாங்க, அவ கதவுல தாளை ஒட்டுனாங்க. தனிமைப்படுத்தப்பட்ட ஊடு, உள்ள வராதேன்னு. கொஞ்சம் அரிசி பருப்புக் குடுத்தாங்க. அவ்வளவுதான்.

சன்னல்ல நின்னு என்னைப் பாத்தா. "யக்கா, மாமாக்கு ஆகாது. கிட்ட வராதீக"ன்னா. "நீ அடுப்புப் பத்த வெக்காதே, சோறு நாங் குடுக்கறேன். கல்லு மேல வெச்சர்றேன், நான் உள்ள போனதுக்கப்பறம் வந்து எடுத்துக்க"ன்னேன். "நீங்க குடுப்பீகன்னு தெரியும்க்கா"ன்னா.

தெரியும்க்கான்னா.

அப்படித்தான் பண்ணுனோம். மத்தியானம் நான் தூக்குப்போசியைக் கல்லு மேல வெப்பேன். அவ எடுத்துக்குவா. கழுவி, வெயில்ல காய வெச்சு, பொழுதோட கல்லு மேல திருப்பி வெப்பா. வெறுமனே வெக்க மாட்டா. அந்த நெலமையிலயும் ஒரு ஸ்பூன் சக்கரை இருக்கும். மக்யா நாளு ரெண்டு ஏலக்கா. அடுத்த நாளு அவ வாசல்ல நிக்கற முருங்கையில ஒரு கொத்துத் தழை. 

நீங்களே சொல்லுங்க அம்மிணி. அந்த ஊட்டுல இருந்து வந்த சக்கரையை நான் காப்பியில போட்டு வீசிங்காரருக்குக் குடுக்க முடியுமா? யாரு குடுப்பா? நீங்க குடுப்பீங்களா? நான் சாக்கடையில கொட்டிப்போட்டு, போசியைச் சுடுதண்ணியில மஞ்சத்தூள் போட்டு மூணு தடவை கழுவுவேன். ஏலக்காயும் சாக்கடையிலதான். தழையும் சாக்கடையிலதான். மறைவாத்தான் கொட்டுனேன். நாலு நாளு மறைவாத்தான் கொட்டுனேன்.

நாலாம் நாளுல இருந்து அவளுக்குத் தொண்டை கட்டிப் போச்சு. பேச்சு வரலை. சன்னல்ல வந்து நிப்பா, கையை நெஞ்சுல வெச்சு, அப்படியே விரிச்சுக் காட்டுவா. மாமாவுக்கு வீசிங் எப்படி இருக்குன்னு கேக்கறாளாம். நான் நல்லா இருக்காருன்னு தலையாட்டுவேன். காய்ச்சல் அடிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னு கையாட்டுனா. காய்ச்சல்னு சொன்னாத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயம் அவளுக்கு. எனக்கும், உண்மையைச் சொன்னா என்ன, அவ இல்லைன்னதுல ஒரு நிம்மதி.

ஆறாம் நாளு காலையில தழையைக் கொட்டப் போனேன். முந்தின நாளுப் பொழுதோட அவ வெச்சதுங்க. நல்ல எளந்தழை, பொறுக்கி எடுத்து ஆஞ்சு வெச்சிருந்தா. ஒரு காம்பு கூட இல்லை. தொண்டை கட்டுன பொம்பளை உக்காந்து ஆஞ்சிருக்கா பாருங்க. அன்னிக்குன்னு பாத்து சாக்கடைக்கிட்ட நாயி படுத்திருந்துச்சு. சரின்னு பைப்போரமே கொட்டிட்டுத் திரும்பறேன், சன்னல் தொறந்திருக்குது. அவ நின்னாளா, நிக்கலையா, எனக்குச் சரியாத் தெரியலை. வெயிலு கண்ணுல அடிச்சுது.

அன்னைக்கு மத்தியானமும் சோறு வெச்சேன். பொழுதோட பாக்கறேன், கல்லு மேல போசி இருக்குது. பளபளன்னு தேச்சு வெச்சிருக்கா. மூடியைத் தொறந்தா, ஒண்ணுமில்லை. வெறும் போசி.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நெனச்சுப் பாருங்க. பதினோரு வருசம், ஒரு மொளகாயாவது போட்டனுப்புனவ. ஊரே பயந்து ஓடற நேரத்துல நான் ஒருத்தி சோறு பொங்கி வெக்கறேன், எனக்கு வெறும் போசியைத் திருப்புறா. ஒரு கல் உப்புக் கூடவா அந்த ஊட்டுல இல்லை? எனக்குச் சுருக்குன்னு ஏறிப் போச்சு. நானும் மானம் ரோசம் உள்ளவதான். தொறந்தது தொறந்தபடியே அந்தப் போசியைக் கல்லு மேலயே உட்டுப்போட்டு வந்துட்டேன். அவளா வந்து, இல்லை கையைக் காட்டி, "யக்கா தப்பா நெனைக்காதீக"ன்னு சொல்லட்டும், அப்பறம் எடுக்கறேன்னு இருந்துட்டேன்.

இது கொடுவாய்ங்களா? இல்லீங்களா? சரி, இன்னும் நேரம் இருக்குது.

பதினாலு நாளுன்னு சொன்னேனுங்களா? ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். பன்னெண்டாம் நாளே வண்டி வந்துருச்சு. அப்படிப் பாத்தாப் பன்னெண்டு. சோறு வெச்சது... நீங்கதான் கணக்குப் போட்டிருப்பீங்களே. ஆறு நாளுங்க.

மிச்ச நாளு போசி கல்லு மேலயே இருந்துச்சு. ஏழாம் நாளும் இருந்துச்சு. எட்டாம் நாளு பொழுதோட மழை புடிச்சுது, போசி நெறைய மழைத்தண்ணி. ஒம்போதாம் நாளு காலையில பாக்கறேன், தண்ணியைக் கொட்டி, தொடைச்சு, மறுபடி நிமுத்தி வெச்சிருக்குது. பாத்தீங்களா ஆங்காரத்தை! எந்திரிச்சு வந்து போசியைத் தொடைக்க முடியுது, ஒரு வார்த்தை "யக்கா"ன்னு கூப்பிட முடியலையான்னு எனக்கு இன்னும் வெறி வந்துருச்சு. ஆமாங்க, தொண்டை கட்டியிருந்துச்சுன்னு நாந்தான் இப்பச் சொன்னேன். எனக்குத் தெரியும்னும் சொன்னேன். கோவம் கண்ணை மறைச்சா காதையும் மறைக்குமுங்களே.

என்ர ஊட்டுக்காரரு அன்னிக்கு, "அந்தப் போசியை எடுத்தாந்து சோத்தைப் போட்டு வெய்யி புள்ளே"ன்னாரு. "உங்களுக்காகத்தான் நான் இத்தனை பாடுபடறேன், நீங்க அவளுக்கு வக்காலத்தா?"ன்னு ஒரு புடி புடிச்சேன். அவரு, "எனக்காகன்னு சொல்லாதே"ன்னாரு. அதோட பேச்சை நிறுத்திட்டாரு. அம்மிக்கல்லுன்னு சொன்னேன் பாருங்க, அது பொறவிக் கொணம் இல்லீங்க. முன்னெல்லாம் நெம்பப் பேசுவாரு. பேசிப் பேசியே மூச்சிரைக்கும்.

அன்னிக்கு மத்தியானம் இந்தப் புள்ளை வினோதினி போன் பண்ணுச்சு. "பெரீம்மா, அம்மா காலையில இருந்து போனை எடுக்கலை. எனக்குப் பயமா இருக்குது. சித்தப் பாருங்க"ன்னு. அஞ்சு மாசம் அப்ப அதுக்கு. பஸ்ஸும் இல்லை, மாமியார் ஊட்டுல அனுப்பவும் மாட்டாங்க. புள்ளத்தாச்சிகிட்டப் போயி, "உங்கம்மா எனக்கு வெறும் போசியைத் திருப்பிட்டா, பேச்சு வார்த்தை இல்லை"ன்னு எப்படிச் சொல்றது? நானு எட்டிப் பாத்தேன், வாசப்படியில நின்ன வாக்குலயே. "போசி கழுவிக் கல்லு மேல இருக்குது கண்ணு. சாப்பிட்டிருக்கா. சாப்பிட்டுப்போட்டுத் தூங்குவா, நீ வெசனப்படாதே"ன்னேன்.

பொய்யில்லை பாருங்க. போசி கழுவிக் கல்லு மேலதானே இருந்துச்சு.

"நீங்க இருக்கறதாலதான் பெரீம்மா நான் தைரியமா இருக்கேன்"ன்னு போனை வெச்சுட்டா. நான் மட்டும் "தெரியலை கண்ணு"ன்னு சொல்லியிருந்தா, அவ புருசன் அப்பவே வண்டியை எடுத்துக்கிட்டு வந்திருப்பான். ரெண்டு மணி நேரம். இதா, இந்த ரோட்டுலதான் வந்திருப்பான். எனக்கு இந்த ரோட்டைப் பாக்கவே முடியலைங்க, அதனாலதான் சன்னலோரம் வேண்டாம்னேன்.

பத்தாம் நாளு மறுபடி மழை. பதினொண்ணாம் நாளு போசியில தண்ணி நிக்குது. யாரும் கொட்டலை. நான் பாத்தேன். காலையில பாத்தேன், மத்தியானம் பாத்தேன், பொழுதோட பாத்தேன். எறும்பு செத்து மெதக்குது. அப்பவும் நான் போகலை. ஏன் போகலைன்னு கேக்காதீங்க. மொதல்ல ரோசம். அப்பறம் பயம். கதவைத் தட்டி, தொறக்காமப் போயிருச்சுன்னா என்ன பண்றதுங்கற பயம்.

பன்னெண்டாம் நாளு காய்ச்சல் பாக்கற புள்ளை வந்துச்சு, நெத்தியில வெச்சுப் பாக்கற மெசினோட. தட்டித் தட்டிப் பாத்துட்டு, ஆளுகளைக் கூப்பிட்டுத் தொறந்தாங்க. உசுரு இருந்துச்சு. ஸ்ட்ரெச்சர்ல வெச்சுக் கொண்டாந்தாங்க. அடுப்படியில அரிசி இருந்துச்சாம், பருப்பு இருந்துச்சாம். பொங்கறதுக்கு எந்திரிக்க முடியலை. மூணு நாளைக்கு முன்னால எந்திரிச்சு வந்திருக்கா, போசியில இருக்கற தண்ணியைக் கொட்டறதுக்கு. அக்கா சோறு போட வருவா, போசி காஞ்சிருக்கோணும்னு.

கல்லைத் தாண்டறப்ப அவ கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தா. கை வந்துச்சு. நெஞ்சுல வெச்சு, விரிச்சுக் காட்டுனா.

மாமாவுக்கு எப்படி இருக்குன்னு.

நான் தலையாட்டுனேன். நல்லா இருக்காருன்னு. அவ்வளவுதானுங்க. மூணாம் நாளு போயிட்டா. மொகத்தைக் கூட யாரும் பாக்கலை. மக பாக்கலை. பையில கட்டி, அவுங்களே எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

அவ பாத்துட்டாளுங்க அம்மிணி. அந்தத் தழையை நான் கொட்டுனதை அவ பாத்துட்டா. வெயிலு என்ர கண்ணுலதான் அடிச்சுது, அவ கண்ணுல இல்லை. அக்கா பயப்படறா, நம்ம போடறது எல்லாம் சாக்கடைக்குத்தான் போகுது, மாமாவுக்கு ஆகாது, எதுக்குப் போடோணும்னுதான் வெறும் போசியா வெச்சிருக்கா. எனக்காகத்தான் வெச்சிருக்கா. பதினோரு வருசமா ஒரு நாளும் உடாத மொறையை எனக்காக உட்டிருக்கா. அதைத்தான் நான் அவமானம்னு எடுத்துக்கிட்டு அவளைப் பட்டினி போட்டேன்.

இதை இதுவரைக்கும் யாருகிட்டவும் சொன்னதில்லை. ஊட்டுக்காரருகிட்டச் சொல்லலை, அவருக்குத் தெரியும். உங்களுக்கு என்ர மூஞ்சி தெரியாது, மாஸ்க்கு போட்டிருக்கோம். எறங்கிட்டா யாரோ எவரோ.

காரியம் முடிஞ்சு வினோதினி போன் பண்ணுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. "பெரீம்மா, எங்கம்மா பட்டினி கெடந்துச்சா?"

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? வயித்துல புள்ளையோட ஒருத்தி அந்தப் பக்கம் ஏங்கி ஏங்கி அழுகறா. "ஒரு வேளை கூட இல்லை கண்ணு. கடைசி நாளு மத்தியானம் கூடத் தயிர்ச்சோறு சாப்பிட்டா"ன்னுட்டேன். தயிர்ச்சோறுங்கறது எங்க இருந்து வந்துச்சுன்னே எனக்குத் தெரியலை. வாயில வந்துருச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதும்பாங்க. நான் சோத்தையே சோத்துல மறைச்சுட்டேன்.

அப்பறம் ஒவ்வொண்ணாத் தொறந்தாங்க. டீக்கடையில பார்சல் மட்டும்னாங்க, அப்பறம் நின்னு குடிக்கலாம்னாங்க. கோயிலைத் தொறந்தாங்க. ஞாயித்துக்கிழமை அடைப்பை எடுத்தாங்க. ஊருக்குப் போனவங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. வந்தவங்ககிட்ட எல்லாம் வினோதினி போனுல சொல்லியிருக்குது, பெரீம்மாதான் சோறு போட்டாங்கன்னு. காம்பவுண்டே என்னைக் கையெடுத்துக் கும்புடுது. புதுசாக் குடி வந்த ஒருத்தி, "உங்க மனசு யாருக்குங்க்கா வரும்?"ங்கறா. கல்லு மேல துணி தொவைக்கறதில்லைங்க நான். ஊட்டுக்குள்ளயே வாளியில அலசிக்கறேன். உலகமெல்லாம் தொறந்துக்கிட்டே வருது, எனக்கு மட்டும் ஒவ்வொரு நாளா மூடிக்கிட்டே வருது.

போன வாரம் மறுபடி போன். கட்டுச்சோறுன்னு. வேண்டாம் கண்ணு, நான் கொழந்தை பெக்காதவ, எனக்கு அந்த யோகம் இல்லைன்னு சொல்லிப் பாத்தேன். "எங்கம்மாளுக்குச் சோறு போட்ட கை பெரீம்மா அது. அதை உட ராசியான கை எது?"ங்கறா. அதோட உட்டாளா? "அம்மாளுக்குச் சோறு வெச்சீங்களே, அந்தத் தூக்குப்போசியிலயே எனக்குத் தயிர்ச்சோறு கொண்டாங்க. எங்கம்மா கடைசியாச் சாப்பிட்டதை நான் சாப்பிடோணும்"ங்கறா.

அதுதானுங்க இது. எறும்பு மெதந்துச்சே, அதே போசி. எத்தனை தடவை தேச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடைக்காதும்பாங்க. எனக்குப் பாருங்க, பாய் போட்டு விருந்தே கெடைக்குது. நானு இருபத்தாறு வருசமா எதுக்கு ஏங்குனேனோ அது கெடைக்குது. ஆசையும் இருக்குதுங்க. அதையும் சொல்லிப்போடறேன். காலையில சோறு கட்டறப்ப, அந்தப் புள்ளை கன்னத்துல சந்தனம் பூசறாப்பல நெனச்சுப் பாத்தேன், போசியை மூட மறந்து நின்னுட்டேன். பாவத்தை நெனச்சு நின்னேனா, ஆசையில நின்னேனான்னு தெரியலை. நேத்துப் பூரா போக வேண்டாம்னு இருந்தேன். காலையில பாத்தாப் புளியைக் கரைச்சுக்கிட்டு நிக்கறேன்.

சொல்லிரலாம்னு பாத்தா, ஏழு மாசக்காரிகிட்ட, அதுவும் கட்டுச்சோத்து அன்னிக்கு, உங்கம்மா அஞ்சு நாளு பட்டினி கெடந்தான்னு சொல்றதுங்களா? சொல்லாம உட்டாலோ, அந்தப் புள்ளை ஆயுசுக்கும் என்ர காலைத் தொட்டுக் கும்புடும். ரெண்டுல எது பெரிய பாவம்? நீங்க படிச்சவங்களாட்டம் தெரியறீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லீங்க, சொல்ல வேண்டாம். நீங்க சொன்னா நான் அதைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டுத் தப்பிச்சுக்குவேன்.

தாராபுரம் வந்துருச்சுங்களா? சித்த இந்தப் பையைப் புடிங்க, மாஸ்க்கை ஏத்திக்கறேன். புடிக்க வேண்டாமுங்களா? சரி, பரவால்லைங்க, நானே எடுத்துக்கறேன். பயம் வந்தா அப்படித்தான், எனக்குத் தெரியாதா.

அதா, அந்தப் பச்சைச் சேலை. வயிறு அதுக்குள்ள எவ்வளவு பெருசாயிருச்சு பாருங்க. நிக்க முடியாம நிக்குது. நிக்கற நெலை அப்படியே ஜெயக்கொடிங்க.

சாயங்காலம் நான் கெளம்பறப்ப அது போசியைத் திருப்பிக் குடுக்குமுல்ல. அவ மக, வெறுமனே குடுக்காது. பழமோ, பூவோ, சக்கரையோ போட்டுத்தான் குடுக்கும். அதை நான் வாங்க மாட்டேனுங்க. "வெறும் போசியாவே குடு கண்ணு"ன்னு சொல்லப் போறேன். அது உடாது. ஏன் பெரீம்மா, ஏன் பெரீம்மான்னு கேக்கும்.

கேட்டா, சொல்லிப்போடறேன்.

இந்தா, எறங்கறேனுங்க கண்டக்டரே, சித்த நிறுத்துங்க. வினோ! இங்க சாமி, இங்க! ஓடியாராதே, மெல்ல வா. இல்லை கண்ணு, அதைத் தொடாதே. தூக்குப்போசியை நானே தூக்கியாறேன்.